ஒற்றை வயரில் எரிந்த பல்பு

என் கையெழுத்து நன்றாக இருக்காது. முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நான் அதிகம் எழுதியது சுவரில்தான். எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்று பென்சிலால் ஒரு சொல் எழுதுவேன். மறுநாள் கொத்தனார் அதன் மேல் பூசிவிடுவார். பிழை இருந்தாலும் சிமெண்டுக்கு உள்ளேயே போய்விடும். இந்தக் காகிதத்தின் மேல் பூச ஆள் இல்லை. சின்ன ர, பெரிய ற இரண்டையும் இடம் மாற்றிப் போட்டிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாயால் சொல்லலாமே என்று கேட்பீர்கள். எனக்குப் பேச வராது. வேலைக்குப் போகிற வீட்டில் காபி வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவேன். அது வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று அவர்களுக்குப் புரியாது. பல வீடுகளில் காபி வராமலே போயிருக்கிறது.

கோவில்பட்டியில் இருந்துகொண்டு சுற்று வட்டாரத்தில் வயரிங் வேலை செய்கிறேன். ஆரம்பத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம், வயர் பதிக்கச் சுவரில் காடி வெட்டும் வேலையில் சேர்ந்தேன். பிறகு வயர் இழுத்தேன். பிறகு தனியாகப் போக ஆரம்பித்தேன். கரண்டைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததில்லை. கை வைத்துக் கற்றுக்கொண்டது. அதில் முதல் பாடம், கரண்ட் போனால் திரும்பி வர வேண்டும் என்பது. போகிற வயர் பேஸ். திரும்புகிற வயர் நியூட்ரல். நடுவில் பல்போ மோட்டாரோ இருக்கும். போகிற வழி, வருகிற வழி இரண்டும் சேர்ந்து வட்டமாக மூடினால்தான் எரியும். எங்கே அறுந்தாலும் அணைந்துவிடும்.

எங்கள் பக்கம் தோட்டங்களில் ஒரு பழக்கம் உண்டு. வீட்டிலிருந்து தொழுவத்துக்கு ஒரு பல்பு போட வேண்டும், தூரம் அதிகம், கையில் ஒற்றை வயர்தான் இருக்கிறது என்று வையுங்கள். பேஸை மட்டும் அந்த வயரில் கொண்டுபோவார்கள். திரும்புகிற வழிக்கு முழ நீள இரும்புக் கம்பி ஒன்றைப் பல்புக்குக் கீழே மண்ணில் அடித்து, பல்பின் மறுமுனையை அதில் கட்டிவிடுவார்கள். கரிசல் மண் ஈரமாக இருந்தால் கரண்டை நன்றாகக் கடத்தும். பல்பு எரியும். அது தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் எல்லோரும் செய்தோம். நானும் செய்தேன்.

எட்டயபுரத்தைத் தாண்டி எப்போதும்வென்றான் என்கிற ஊருக்குப் போகிற வழியில், உள்ளே தள்ளி ஒரு ஊர். அங்கே ஒரு அக்கா இருக்கிறார். தலைமுறையாக ஆடு மேய்க்கிற குடும்பம். கணவர் வெளியூரில் காவல் வேலை பார்க்கிறார். அக்கா தனியாக நாற்பது ஆடு வைத்திருந்தார். ஆட்டுப் பட்டி வீட்டிலிருந்து தள்ளிப் புஞ்சைக்குள் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் நாய்கள் இரண்டு குட்டிகளைத் தூக்கிவிட்டன. பட்டிக்கு ஒரு வெளிச்சம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். என் பையில் ஒற்றை வயர்தான் அவ்வளவு நீளம் இருந்தது. கம்பியை அடித்தேன். நூறு வாட் மஞ்சள் பல்பு பளிச்சென்று எரிந்தது.

தை போய் மாசி வந்ததும் பல்பு மங்க ஆரம்பித்தது. அக்கா போன் செய்தார்.

"ஏன் தம்பி, பல்பு நோயாளி கண்ணு மாதிரி முழிக்கி. கம்பிகிட்ட ஒரு செம்புத் தண்ணி ஊத்துனா நல்லா எரியுது. காஞ்சா மறுபடியும் மங்கிருது. தெனமும் இதுக்கும் சேத்தா தண்ணி சொமக்க?"

போய்ப் பார்த்தேன். மண் காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. அன்றைக்கு அதைப் பெரிய யோசனை என்றே நினைத்தேன்.

"ஆட்டுத் தொட்டிய இங்கன கம்பி பக்கத்துல நகத்திருவமா அக்கா? குடிக்கும்போது சிந்துத தண்ணியே கம்பிக்குப் போதும்."

அக்கா இரண்டு ஆட்களை வைத்து அந்தச் சிமெண்டுத் தொட்டியைப் புரட்டி நகர்த்தினார். வீட்டு மோட்டாரிலிருந்து வருகிற ரப்பர் குழாயும் அங்கே எட்டியது. பல்பு மறுபடி பிரகாசித்தது. "இந்தத் தம்பிக்கு வாயில ஒண்ணுமில்ல, எல்லாச் சரக்கும் மண்டையில இருக்கு" என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டில் இரண்டு முறை சொன்னேன் என்று என் மனைவி இன்றைக்கும் கேலி செய்கிறாள்.

பிறகு சித்திரை. ஒரு வியாழக்கிழமை அக்கா மறுபடி போன் செய்தார். குரல் வேறு மாதிரி இருந்தது.

"பல்பக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. வீட்டு வாசல்ல மாட்டிக்கிடுதேன். பட்டிக்கு இனி வெளிச்சம் வேண்டாம். சனிக்கிழமை சந்தைக்கு அம்புட்டையும் ஏத்தி விடப்போறேன்."

எட்டயபுரம் ஆட்டுச் சந்தை சனிக்கிழமை கூடும். நாற்பதையும் ஏன் என்று கேட்க நினைத்தேன். "சரிக்கா" என்றுதான் வாயில் வந்தது.

வேறு வேலை முடித்து நான் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் பல்பைப் போட்டிருந்தார். பட்டி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து ஆட்டு வியாபாரி ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வயதானவர், வெற்றிலை வாய். ஆடுகள் மேய்ச்சலிலிருந்து வந்து நின்றன. ஒவ்வொன்றின் விலா எலும்பையும் எண்ணலாம். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. ஒரு ஆடுகூடப் பக்கத்தில் போகவில்லை. பத்து அடி தள்ளி, வளையமாக நின்று, தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

அக்கா என்னைப் பார்த்ததும் சொல்ல ஆரம்பித்தார். மாசியில் கண்மாயில் தண்ணீர் கிடந்தவரை ஆடுகள் அங்கேயே குடித்துவிட்டு வந்தன. தொட்டியில் பேருக்கு வாய் வைத்தன. கண்மாய் வற்றியதும் தொட்டி மட்டும்தான் கதி. முதலில் காலையில் குடித்தன, சாயங்காலம் மட்டும் மிரண்டன. பிறகு காலையிலும் கிட்டே போகவில்லை. பேசினில் ஊற்றித் தொட்டி பக்கத்தில் வைத்தாலும் அந்த இடத்துக்கே வரவில்லை. நாற்பது ஆட்டுக்கு வேறு இடத்தில் குடம் குடமாகச் சுமக்க அவர் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கால்நடை டாக்டர் பார்த்து உடம்பில் நோய் இல்லை என்று சொல்லிவிட்டார். பூசாரி தோஷம் என்றார்.

"அவரு சொன்னாருன்னு ஒரு சேவலயும் அறுத்தாச்சு தம்பி. ஒண்ணும் கேக்கல. என் கண்ணு முன்னால தாகத்துல சாகுததுக்கு, எங்கயாவது போயி தண்ணி குடிச்சி இருக்கட்டும்."

"தாயி, அதுக போற எடத்துல ரொம்ப நாளு இருக்காது" என்றார் வியாபாரி. யாரும் சிரிக்கவில்லை. அவரும் பிறகு வெற்றிலையைத் துப்புவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் பல்பைக் கழற்றப் பட்டி வாசலுக்குப் போனேன். தொட்டியைச் சுற்றி ஈரம். கரிசல் ஈரம் செருப்பை விடாது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடது செருப்பு சேற்றில் நின்றுவிட்டது, வெறுங்கால் முன்னால் வந்து சேற்றில் பதிந்தது. சாயாமல் இருக்க, காய்ந்த மண்ணில் ஊன்றியிருந்த இரும்பு கேட்டைப் பிடித்தேன்.

காலில் கட்டெறும்புக் கூட்டம் ஏறியது போல இருந்தது. கை வரைக்கும் ஏறியது.

கேட்டை விட்டேன். நின்றுவிட்டது. மறுபடி தொட்டேன். மறுபடி ஏறியது. வலது கால் செருப்போடு இருந்தது. அக்காவின் கால்களைப் பார்த்தேன். ரப்பர் செருப்பு. வியாபாரியின் காலிலும் செருப்பு. ஆடுகளின் கால்களைப் பார்த்தேன்.

பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். ஒரு முனையைத் தொட்டித் தண்ணீரில் விட்டேன். ஈரம் முடிந்து காய்ந்த மண் தொடங்குகிற இடத்தில் நீள ஆணி ஒன்றை அடித்து, மறு முனையை அதில் வைத்தேன். ஒரு ஆடு தலையைத் தொட்டிக்குள் விட்டால் பின்னங்கால் நிற்கிற தூரம்தான். பதினேழு வோல்ட் காட்டியது. வீட்டுக்கு நடந்துபோய்ப் பல்பின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.

அப்போதுதான் என் வேலையை நானே வெளியிலிருந்து பார்ப்பது போலப் பார்த்தேன். பல்பு ஒரு தடை. மண்ணும் ஒரு தடை. இரண்டும் ஒரே வழியில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. வீட்டிலிருந்து வருகிற இருநூற்று முப்பது வோல்ட்டை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சொத்துப் பாகத்தில் அதிகம் முரண்டு பிடிக்கிறவனுக்கு அதிகம் போவது போல, இங்கேயும் எது அதிகம் தடுக்கிறதோ அதற்கு அதிகப் பங்கு. மழைக்காலத்தில் மண் ஈரமாக இருந்தது, தடுக்கவில்லை, பங்கும் கேட்கவில்லை. எல்லாம் பல்புக்குப் போனது. கோடையில் மண் காய்ந்து முரண்டு பிடித்தது. பல்பு மங்கியது என்றால், அதில் குறைந்துபோன வோல்ட் எங்கே போயிருக்கும் என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். அது மண்ணில் கிடந்தது. நான் தொட்டியை நகர்த்தி, ஈரத்தைக் கம்பியோடு சேர்த்து வைத்து, அந்த ஈரத்துக்கு வெளியே காய்ந்த மண்ணை வளையம் போட்டது போல விட்டேன். ஆடு அந்த வளையத்தில் நின்றுகொண்டு ஈரத்தில் வாய் வைத்தது. வட்டத்தில் ஆடும் ஒரு பாகமாகிவிட்டது.

இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் ஆடு செத்திருக்கும். செருப்பில்லாமல் அக்கா வந்திருந்தால் என்ற நினைப்பை நான் முடிக்கவில்லை.

இப்போது ஒன்றை ஒளிக்காமல் எழுத வேண்டும். சும்மா இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பல்பைக் கழற்றத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கழற்றி, கம்பியைப் பிடுங்கி, பையில் போட்டுக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. ஆனால் சனிக்கிழமை நாற்பது ஆடும் வண்டி ஏறிவிடும். நான் வாயைத் திறந்தால் மட்டும்தான் அவை நிற்கும். அதுவும் அந்த வியாபாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது. கை சட்டைப் பைக்குப் போனது.

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருக்கும். பழைய ஸ்டெபிலைசரிலிருந்து கழற்றியது. மல்லி விதை அளவுதான். எல்.இ.டி. என்பார்கள். அதன் ஒரு காலில், கரண்டை மட்டுப்படுத்தும் சின்ன ரெசிஸ்டர் ஒன்றை ஈயம் வைத்து ஒட்டியிருந்தேன். மறுபடி போய்ச் சுவிட்சைப் போட்டேன். அந்த விளக்கின் ஒரு காலைச் சேற்றில் அடித்த ஆணியிலும், இன்னொரு காலைக் காய்ந்த மண்ணில் அடித்த ஆணியிலும் சுற்றினேன். காய்ந்த பக்கத்தில் ஒரு கை தண்ணீர் தெளித்தேன்.

"என்ன வே, பல்பக் கழட்டச் சொன்னா மண்ணத் தோண்டிக்கிட்டு இருக்கீரு. புதையல் கிதையல் இருக்கா?" என்றார் வியாபாரி.

விளக்கு எரிந்தது. வயர் எதுவும் போகாத வெறும் மண்ணில், சிவப்பாக, ஒரு புள்ளி.

வியாபாரி வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அக்காவும் குனிந்து பார்த்தார்.

"மண்ணுல எப்பிடித் தம்பி எரியுது?"

"கரண்டு இருக்குக்கா. ஆட்டுக் கால்ல ஏறுது."

"எங்கிருந்து வருது?"

நான் பல்பைக் காட்டினேன். பிறகு கம்பியைக் காட்டினேன்.

அக்கா பல்பிலிருந்து கம்பி வரை பார்த்தார். "இந்தக் கம்பிய அடிச்சது யாரு?"

"நாந்தான்க்கா."

"தொட்டிய இங்கன நகத்தச் சொன்னது?"

"அதுவும் நாந்தான்."

"நல்ல ஆளப் புடிச்சிருக்கீக தாயி" என்று வியாபாரி சிரித்தார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அக்கா கேட்டது வேறு.

"அப்ப எம் ஆட்டுக்கு நோவு ஒண்ணுமில்ல?"

"இல்லக்கா."

"தோஷம்?"

"இல்லக்கா. நாந்தான்."

அவர் விடுவிடுவென்று வீட்டுக்குப் போய்ச் சுவிட்சை அணைத்தார். மண்ணில் எரிந்த சிவப்புப் புள்ளியும் அதே நொடியில் அணைந்தது. திரும்பி வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அழுகிறாரா என்று பார்த்தேன். சிரிப்பு.

"பாவம், அந்தச் சேவலத்தான் வீணா அறுத்துட்டேன். நல்லாக் கூவும் அது." பிறகு முகம் மாறிச் சொன்னார். "நாளைக்கு வந்து சரி பண்ணுங்க தம்பி. நீங்கதான் பண்ணணும். வேற ஆளு வரக்கூடாது."

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கோவில்பட்டியிலிருந்து இரட்டை வயர் சுருளை வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். பேஸ் போகிற வழி, நியூட்ரல் திரும்புகிற வழி, இரண்டும் வயரிலேயே. கரண்ட் வழி தவறி மண்ணில் இறங்கினால் தானே விழுகிற ட்ரிப் சுவிட்சையும் வீட்டில் மாட்டினேன். கம்பியைப் பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பல்பை எரியவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் நின்றேன். தொட்டியில் கையை விட்டு, மறு கையால் கேட்டைப் பிடித்தேன். ஒன்றும் ஏறவில்லை. ஆடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒங்களப் பாத்தெல்லாம் ஆடு நம்பாது" என்றார் அக்கா.

அவர் சொன்னது சரி. அன்று சாயங்காலமும் ஒன்றும் கிட்டே வரவில்லை. அதே பத்து அடி. மண்ணிலிருந்து கரண்ட் போய்விட்டது. ஆட்டுக்குள்ளிருந்து பயம் போகவில்லை. அதை அளக்க என்னிடம் மீட்டர் இல்லை.

சனிக்கிழமை விடியும்முன் வியாபாரி, குட்டி யானை என்கிற சின்ன லாரியோடும் டிரைவரோடும் வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. பல்பு எரிந்துகொண்டிருந்தது, அணைக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தேன்.

"ஏத்தவா தாயி? சந்தைக்கு நேரமாகுது."

"இருங்க அண்ணாச்சி. ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க."

டீ வந்தது. மெதுவாகக் குடித்தோம். மெதுவாகக் குடிக்க வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டது போல அது கொதித்தது.

பட்டியில் இரண்டு குட்டிகள் இருந்தன. கண்மாய் வற்றிய பிறகு பிறந்தவை. பால் குடிப்பவை, அதனால் தொட்டிப் பக்கம் போனதில்லை, பயமும் தெரியாது. ஒன்று துள்ளித் தொட்டி விளிம்பில் ஏறியது. மற்றது அதை முட்டியது. ஏறியது தண்ணீருக்குள் விழுந்து கத்தியது. ஒற்றைக் கொம்பு ஆடு ஒன்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தது, அதன் தாய். ஈரத்தில் நான்கு காலும் பதிய நின்று, தொட்டிக்குள் தலையை விட்டுக் குட்டியை முகர்ந்தது. நான் எழுந்து போய்க் குட்டியைத் தூக்கி வெளியே விட்டேன். தாய் தலையை எடுக்கவில்லை. காதுகள் மட்டும் முன்னும் பின்னும் அசைந்தன. ஏதோ வரும் என்று எதிர்பார்த்தது போல. வரவில்லை.

பிறகு அது குடித்தது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"ஒண்ணு குடிச்சா நாப்பதும் குடிச்சிருமா?" என்றார் வியாபாரி. அவர் கேட்டு முடிப்பதற்குள் இரண்டு வந்தன. பிறகு ஐந்தாறு. பிறகு எண்ண முடியாதபடி ஒன்றின் முதுகில் ஒன்று. அக்கா குழாயைத் திறந்துவிட ஓடினார், முழங்கால் வலியோடு.

வியாபாரி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "இன்னைக்கு எனக்கு லாபம் ஒரு டீதான். டிரைவரே, வண்டியத் திருப்பும்." போகும்போது என் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார். "எங்க தோட்டத்துலயும் இப்பிடி ஒரு கம்பி அடிச்சிருக்கு. வந்து பாக்கீரா?"

அதுதான் ஆரம்பம். அந்தக் கோடையில் விளாத்திகுளம் பக்கம் வரைக்கும் போனேன். சில கம்பிகள் நானே அடித்தவை. போனதும் சிவப்பு விளக்கை மண்ணில் நட்டுக் காட்டுவேன். பேச வேண்டிய வேலையை அது செய்துவிடும். பிடுங்கிய கம்பிகள் எங்கள் வீட்டுப் பின்னால் கிடக்கின்றன. "ஊர்ல எல்லாரும் கம்பி நட்டுப் பொழைக்காவ, இவிய பிடுங்கிப் பொழைக்காவ" என்று என் மனைவி வருகிறவர்களிடம் சொல்லுவாள்.

இதை எழுதச் சொன்னது அக்காதான். "நீங்க யார்ட்டயும் சொல்லப் போறதில்ல. எழுதியாவது வைங்க. எந்த ஊர்ல எந்த ஆடு நிக்குதோ" என்றார். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டேன். நேற்று மழை கொட்டியது. அக்கா போன் செய்தார். மழையிலும் பல்பு கோடையில் எரிந்தது போலவே எரிகிறதாம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்மாய் நிறைகிறதாம். இனி சில மாதம் ஆடுகள் தொட்டிப் பக்கம் வராது. நாற்பது இப்போது ஐம்பத்திரண்டு. ஒரு புதுச் சேவலும் வாங்கியிருக்கிறார்.

கண்மாய் வற்றுகிறபோது ஒருமுறை போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த ஈரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஆடுகளுக்கு முன்னால் நான்.

ஐப்பசி பதினாறு, ஞாயிற்றுக்கிழமை.